துண்டு போட்ட சீட்டு

பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்திருக்கிறீர்களா? அந்தத் துண்டுக்குச் சட்டத்தில் ஒரு மரியாதையும் கிடையாது. கண்டக்டரும் பொறுப்பேற்க மாட்டார். இருந்தாலும் பெரும்பாலானவர்கள் துண்டைப் பார்த்ததும் ஒதுங்கிவிடுவார்கள். ரொம்ப வருஷங்களுக்கு நம் ஊர் ஆபீஸ்களின் கணக்கு வழக்கு இந்த நம்பிக்கையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆழ்வார்பேட்டைப் பக்கம் வாருங்கள். டி.டி.கே. சாலை, சி.பி. ராமசாமி சாலை, அவற்றின் கிளைத் தெருக்கள் எங்கும் ஆடிட்டர் போர்டுகள். 1990-களில் அப்படி ஒரு மாடிப்படி ஏறினால், ஐந்தாறு கம்ப்யூட்டர்கள், அவற்றைக் கோத்துக்கொண்டு ஓடும் கறுப்புக் கேபிள், அதன் இரு முனையிலும் டெர்மினேட்டர் என்றொரு சின்னக் குமிழ். பெருக்குகிற அம்மாவின் துடைப்பம் பட்டு அந்தக் குமிழ் கழன்றால் மொத்த ஆபீசும் படுத்துவிடும். மூலையில் நோவெல் சர்வர். எல்லோருடைய கணக்கும் அதிலுள்ள 'எஃப் டிரைவில்'.

சர்வர் என்றதும் பெரிய மூளை என்று நினைக்காதீர்கள். இந்த விஷயத்தில் அது வெறும் பீரோ. கிளிப்பரிலோ ஃபாக்ஸ்புரோவிலோ எழுதிய புரோகிராம், அவரவர் மேஜைக் கம்ப்யூட்டரில்தான் ஓடும். பீரோவிலிருந்து பேரேட்டின் பக்கங்களை இழுத்துவந்து, திருத்தி, திரும்ப வைக்கும்.

பி.காம். படித்தவன் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். ஒரு பார்ட்டியின் பாக்கி 10,000 ரூபாய். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதைத் திறக்கிறார்கள். ஒருவர் 2,000 கூட்டி 12,000 என்று எழுதுகிறார். இன்னொருவர், தான் பார்த்த பழைய 10,000-லிருந்து 3,000 கழித்து 7,000 என்று அதன் மேலேயே எழுதுகிறார். இருக்க வேண்டியது 9,000. 2,000 ரூபாய் காற்றோடு போயிற்று. யாரும் திருடவில்லை. ஆனால் பழி மட்டும் என்ட்ரி போட்ட பையன் தலையில் விழும்.

இதற்கு மருந்து பூட்டு. நான் எழுதி முடிக்கும்வரை நீ தொடாதே. 1976-ல் அமெரிக்காவின் சான் ஹோஸேயில் ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்கள் நாலு பேர் இதற்கு முறையான இலக்கணமே எழுதினார்கள். ஒரு வேலைக்கு வேண்டிய பூட்டுகளையெல்லாம் போட்டு முடிக்கும்வரை ஒன்றைக்கூடத் திறக்கக்கூடாது என்பது அதன் சாரம். கட்டுரையின் முதல் பெயர் கபாலி ஈஸ்வரன். மயிலாப்பூர்க்காரர்களுக்குக் கோபுரம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை! அவர்கள் மனத்தில் இருந்தது, பூட்டையும் சாவியையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு காவல் காக்கும் பெரிய கம்ப்யூட்டர். 1980-களில் வந்த நம் ரயில்வே ரிசர்வேஷனும் அந்த ஜாதிதான். கவுன்ட்டரில் இருந்தது வெறும் திரையும் கீபோர்டும். ஒரே பெர்த்தை இரண்டு பேருக்குக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டது உள்ளே இருந்த இயந்திரம்.

ஆடிட்டர் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது வேறு பரம்பரை. வேய்ன் ராட்லிஃப் என்பவர் ஆபீஸ் ஃபுட்பால் பந்தயத்தில் ஜெயிப்பதற்காக எழுத ஆரம்பித்த புரோகிராம்தான் பிறகு டிபேஸ் ஆயிற்று. ஒரே ஆள், ஒரே கம்ப்யூட்டர். அங்கே பூட்டு எதற்கு? 1984-ல் டாஸ் 3.0 வந்து, ஃபைலின் ஒரு பகுதியை மட்டும் பூட்ட வழி செய்தது. அதிலும் ஒரு சிக்கல். பூட்டிய இடத்தை மற்றவர் படிக்கவும் முடியாது. கிளிப்பர்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 45-வது பதிவைப் பூட்ட வேண்டுமானால், ஃபைலின் 100 கோடியே 45-வது இடத்தைப் பூட்டினார்கள். அவ்வளவு பெரிய ஃபைல் எந்த ஆபீசிலும் கிடையாது. இல்லாத சீட்டில் துண்டு! எல்லா புரோகிராமும் அங்கே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் போதும். யாராவது ஒருவர் பார்க்காமல் எழுதினால்? தடுக்க ஆளில்லை.

அசல் வில்லங்கம் விண்டோஸோடு வந்தது. வேகத்துக்காக அதில் ஒரு வசதி. ஆங்கிலப் பெயரைத் தமிழ்ப்படுத்தினால் 'சந்தர்ப்பவாதப் பூட்டு' என்று வரும். அரசியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "இப்போதைக்கு ஃபைலைத் திறந்திருப்பது நீ ஒருத்தன்தான். பக்கங்களை உன்னிடமே வைத்து எழுதிக்கொள், வேறு யாராவது வந்தால் சொல்கிறேன்" என்று சர்வர் சொல்லும். இரண்டாவது ஆள் வந்ததும், "எழுதியதைக் கொண்டுவா" என்று முதல் ஆளைக் கூப்பிடும். அந்த நேரம் பார்த்து கேபிள் தகராறு செய்தாலோ கரண்ட் போனாலோ தொலைந்தது. பதிவு ஒரு பக்கம், இண்டெக்ஸ் இன்னொரு பக்கம். ஜூலை 31-க்கு முந்தின ராத்திரி எல்லோரையும் வெளியேறச் சொல்லிவிட்டு 'ரீ-இண்டெக்ஸ்' ஓடவிட்டுக் காத்திருந்தவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். அங்கேயும் முதல் கேள்வி, "யார்டா கம்ப்யூட்டரைச் சரியா மூடாம எழுந்து போனது?"

சந்தர்ப்பவாதத்தை அணைக்க ஒரு ஸ்விட்ச் இருந்தது. விவரம் தெரிந்தவர்கள் அணைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். 2007-ல் விஸ்டா வந்தது. கூடவே ஃபைல் பரிமாற்றத்துக்கு எஸ்.எம்.பி. 2 என்ற புது முறை. அது பழைய ஸ்விட்ச்சுக்குக் கட்டுப்படவில்லை. போதாக்குறைக்கு, ஃபைலின் அளவு என்ன என்பதை ஒருமுறை கேட்டுவிட்டு 10 விநாடி வரை அந்தப் பழைய பதிலையே நம்பும். பக்கத்து மேஜையில் சேர்த்த வவுச்சர் 10 விநாடிக்கு இந்த மேஜையில் இல்லவே இல்லை! அதே ஆண்டு மார்ச்சில் ஃபாக்ஸ்புரோவுக்கு இனி புதுப் பதிப்பு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. முறையிட இடமில்லை.

பலர் புது முறையை மூடிவிட்டுப் பழைய எஸ்.எம்.பி. 1-க்கே திரும்பினார்கள். கணக்கு பிழைத்தது. ஆனால் 2017 மே 12 அன்று உலகமெங்கும் பரவிய வான்னாக்ரை, சரியாக அந்தப் பழைய வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. நம் நாட்டில் ஆந்திரப் போலீஸ் கம்ப்யூட்டர்களே மாட்டிக்கொண்டன. ஓட்டையை அடைக்கும் மருந்து மார்ச்சிலேயே வந்திருந்தும் நிறைய பேர் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வருஷக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்.எம்.பி. 1 சேர்ந்து வருவதில்லை.

இன்னும் அந்த கிளிப்பர் புரோகிராமை விட மனமில்லாதவர்கள் இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் எங்கேயோ போய்விட்டார், சோர்ஸ் கோடும் இல்லை, ஆனால் 25 வருடக் கணக்கு அதில்தான் இருக்கிறது. அவர்களுக்குத் தெரிந்தவர்கள் சொல்லும் வழி, புரோகிராமையும் ஃபைலையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்துவிட்டு, மற்றவர்கள் தங்கள் மேஜையிலிருந்து அதன் திரையை மட்டும் எட்டிப் பார்த்து வேலை செய்வது. ரயில்வே கவுன்ட்டர் மாதிரியேதான். ஃபைலின் பக்கங்கள் கேபிளில் பயணம் போவதில்லை, பூட்டும் போவதில்லை.