மகிழுந்து வண்ணப்பூச்சு மெருகேற்றலின் வரலாறு

மகிழுந்தின் மேற்பூச்சில் விழுந்த நுண் கீறல்களையும் நீர்க்கறைகளையும், சுழலும் பொறியில் பொருத்திய பஞ்சுத் தட்டாலும் தேய்ப்புக் களிம்பாலும் அகற்றுவது பொறிவழி மெருகேற்றல் ஆகும். பட்டறைகளில் இது பஃபிங், ரப்பிங், பெயிண்ட் கரெக்‌ஷன் என்று வழங்கப்படுகிறது. பூந்தமல்லி சாலையில் உள்ள காட்டுப்பாக்கம் போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் இன்று பரவியுள்ள இத்தொழில், குதிரைவண்டிக் காலத்துக் கைவேலையிலிருந்து வளர்ந்தது.

தோற்றம்

தொடக்ககால மகிழுந்துகளுக்குக் கோச்சு வண்டிகளைப் போலவே தூரிகையால் வார்னிஷ் பூசப்பட்டது. ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின் அதை நுரைக்கல் தூளால் தேய்த்துச் சமப்படுத்துவர். ஒரு வண்டியை முடிக்க வாரக்கணக்கில் ஆனது. சென்னையில் 1840-இல் தொடங்கப்பட்ட சிம்சன் நிறுவனமும் முதலில் கோச்சு வண்டி கட்டும் தொழிலகமே.

1920-களில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. 1921-இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனம் நீரில் நனைத்துத் தேய்க்கக்கூடிய உப்புத்தாளை வெளியிட்டது. இதனால் தேய்ப்பவர் சுவாசிக்கும் தூசி குறைந்தது. இன்றும் பட்டறைகளில் இதற்கு ‘வாட்டர் பேப்பர்’ என்றே பெயர். அடுத்து, டூபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ என்னும் நைட்ரோசெல்லுலோசுப் பூச்சு, ஜெனரல் மோட்டார்சின் 1924-ஆம் ஆண்டு ஓக்லாண்டு வண்டிகளில் இடம்பெற்றது. தெளித்தால் விரைவில் உலரும் இப்பூச்சு, தேய்த்து மெருகிட்டால்தான் பளபளத்தது. எனவே மெருகேற்றல் வண்டி கட்டும் பணியின் ஒரு பகுதியாயிற்று.

சென்னையில்

வண்டலூர் ஆலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டிகள் உருவாயின. தேய்ப்புப் பொருள்கள் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954-இல் சென்னையில் நிறுவப்பட்டது. அக்கால வண்டிகளில் பெரும்பாலும் ஒரே நிறப்பூச்சுதான் இருந்தது. அதன்மேல் தெளிபூச்சு இல்லை. சிவப்பு வண்டியைத் தேய்த்தால் துணியும் சிவக்கும். டிங்கரிங் பட்டறையில் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, பனியன் வேஸ்ட் துணியில் காம்பவுண்டு தொட்டுக் கையால் தேய்ப்பதே வழக்கம். பூச்சு தடிமனாக இருந்ததால் பிழையையும் ஓரளவு தாங்கியது.

1980-களில் உலகெங்கும் நிறப்பூச்சின்மேல் நிறமற்ற தெளிபூச்சு இடும் முறை பரவியது. மின்னும் உலோக நிறங்களில் உள்ள அலுமினியத் துகள்களைக் காக்க அது தேவைப்பட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ உற்பத்தி தொடங்கியது. அதன்பின் பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் புதுவகைப் பூச்சுடைய வண்டிகள் பெருகின. பழைய தேய்ப்பு முறை அவற்றுக்குப் பொருந்தவில்லை.

பொறியும் அளவும்

ஒரே அச்சில் சுழலும் பொறி விரைவாக வெட்டும், ஆனால் சூடேற்றும். விளிம்பில் சற்று நின்றாலும் பூச்சு கருகிவிடும். சுழற்சியோடு சிறு வட்ட அசைவும் கொண்ட இருவகை இயக்கப் பொறி மெதுவாக வெட்டும். பழகுநருக்கு அது பாதுகாப்பானது.

ஆலைப்பூச்சின் மொத்தத் தடிமன் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். அதில் தெளிபூச்சு 35 முதல் 50 மைக்ரான் மட்டுமே, தலைமுடியைவிட மெல்லியது. கீறலை அகற்றுவது என்பது கீறலை நிரப்புவது அன்று. சுற்றியுள்ள பூச்சைக் கீறலின் அடிவரை குறைப்பதாகும். ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் நிரந்தரமாகப் போய்விடும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் இந்தத் தெளிபூச்சே. அது மிக மெலிந்தால் கூரையும் முன்மூடியும் வெளுத்து உரியத் தொடங்கும். பின்னர் மறுபூச்சு ஒன்றே வழி. ஆதலால் தேர்ந்த பணியாளர் முதலில் தடிமன் அளவியால் அளந்து, கைப்பிடி அளவு இடத்தில் மென்மையான தட்டைக் கொண்டு சோதித்த பிறகே வேலையைத் தொடங்குவார். நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறலை முழுதும் எடுக்க முயலாமல் விட்டுவிடுவதும் தொழில் அறிவே.

நீக்கமும் மறைப்பும்

சில களிம்புகளில் உள்ள எண்ணெயும் மெழுகும் கீறலை அடைத்து மறைக்கின்றன. சில முறை கழுவியதும் கீறல் மீண்டும் தோன்றும். ஐசோபுரோப்பைல் ஆல்ககால் கலந்த நீரால் துடைத்து, விளக்கொளியில் பார்த்தால் உண்மை தெரியும். உரிமையாளர் பணம் கொடுக்குமுன் இச்சோதனையைக் கேட்கலாம்.

கீறல்கள் பெரும்பாலும் கழுவும்போதே உண்டாகின்றன. சாலைத்தூசி படிந்த வண்டியை உலர்துணியால் துடைத்தால் மணல்துகள் பூச்சைக் கீறும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை வெயிலில் காயவிட்டால் வெண்கறை படியும். முதலில் நீரடித்துத் தூசியை இறக்கி, தூய துணியால் கழுவி, நிழலில் ஒற்றி எடுத்தால் மெருகேற்றும் தேவை பெரிதும் குறையும்.