வெட்டிய மரமும் சாய்த்த மரமும்: பேராக் ரப்பர்த் தோட்டங்களில் மறுநடவு மானியத்தின் வரலாறு



தோட்டத் தமிழில் 'மரம் வெட்டுதல்' என்னும் தொடருக்கு அகராதி தரும் பொருள் பொருந்தாது. இருள் பிரியுமுன் பிரட்டில் பெயர் கொடுத்துவிட்டு "மரம் வெட்டப் போகிறேன்" என்று சொல்லி நிரைக்குள் நுழைந்தவர், மரத்தை வீழ்த்தப் போனவர் அல்லர். பட்டையில் மெல்லிய கீற்றுச் சீவி, மங்கில் பால் வடியவிடப் போனவர். உள்மரத்தில் கத்தி படாமல் வெட்டுவதே அத்தொழிலின் திறம். உள்மரம் காயப்பட்டால் மண்டோரின் ஏச்சைக் கேட்க வேண்டும். மரத்தை வேரோடு வீழ்த்துவது வேறு செயல். அதனைச் 'சாய்த்தல்' என்றனர்.

வெட்டிய மரம் நாள்தோறும் கூலி தந்தது. சாய்த்த மரம் அக்கூலியை நிறுத்தியது. இந்நாட்டு அரசு மானியம் வழங்கியதோ சாய்த்து நடுவதற்கே. அம்மானியம் எதனால் வந்தது, எவரைச் சேர்ந்தது, விறகாக எரிந்த பால்மரம் எவ்வாறு ஏற்றுமதி வன்மரமாயிற்று என்பவற்றையே இவ்வுரையில் காண முற்படுகிறோம்.

முதுமை அடைந்த தோட்டங்கள்

பேராக் மாநிலத்துக்கும் பால்மரத்துக்கும் உள்ள உறவு தொன்மையானது. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றில் முளைத்த கன்றுகளுள் 22, மறு ஆண்டு சிங்கப்பூரை வந்தடைந்தன. அங்கிருந்து பெற்ற சில கன்றுகளைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலாகங்சாரில் நட்டார். அக்கால மரமொன்று இன்றும் அந்நகரில் நிற்கின்றது. ஈப்போவில் படிக்கும் மாணவர்கள் ஒரே நாளில் சென்று பார்த்துத் திரும்பலாம்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் கிந்தா, கோலாகங்சார், பத்தாங் பாடாங் வட்டாரங்களில் காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தன. ஈயம் ஈப்போவை வளர்த்தது. அதனைச் சுற்றியிருந்த நிலத்தை ரப்பர் ஆட்கொண்டது. நட்டவரும் வளர்த்தவரும் பாலெடுத்தவரும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர்.

பால்மரத்தின் பயன்தரும் காலம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள். அதற்குப் பின் வெட்டுவதற்கு நல்ல பட்டை எஞ்சாது, பாலும் குறையும். ஆகவே, 1910ஐ ஒட்டி நட்ட மரங்கள் 1940ஆம் ஆண்டளவில் சாய்க்கத்தக்கவை. அப்பொழுது போர் வந்தது. ஜப்பானியர் ஆட்சி வந்தது. பின்னர், 1948 ஜூனில் சுங்கை சிப்புட் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் பிறந்தது. தோட்டங்கள் முதுமையுற்றே நின்றன. அதே வேளையில் அமெரிக்காவில் செயற்கை ரப்பர் ஆலைகள் பெருகிவிட்டன. பழைய விதைமரங்களை வைத்துக்கொண்டு அவற்றோடு போட்டியிட இயலாது என்பது தெளிவாயிற்று.

மானியம் பிறந்த கதை

இந்நெருக்கடிக்கு விடையாகவே 1952ஆம் ஆண்டின் ரப்பர் மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பவுண்டு ரப்பர் மீதும் தீர்வை விதித்து, அத்தொகையைத் திரட்டி, பழைய மரங்களை அகற்றி உயர்விளைச்சல் ஒட்டுக்கன்றுகளை நடுவோருக்குத் திருப்பித் தருவதே அதன் அமைப்பு. 100 ஏக்கருக்குக் குறைந்த நிலம் சிறுதோட்டம். அதற்கு மேற்பட்டது பெருந்தோட்டம். சிறுதோட்டக்காரருக்கான மானியம் ஏக்கருக்கு 400 வெள்ளியில் தொடங்கிப் பின்னர்ப் படிப்படியாக உயர்ந்தது. பணம் ஒரே தவணையில் கிடைக்காது. நிலத்தைத் துப்புரவு செய்து, கன்று நட்டு, அது வளர்வதை அதிகாரிகள் பார்த்த பிறகே அடுத்தடுத்த தவணை கைக்கு வரும். 1973இல் தோற்றம் பெற்ற ரிஸ்டா என்னும் சிறுதோட்டக்காரர் மேம்பாட்டு ஆணையம் இப்பணியைத் தொடர்ந்து ஏற்றது.

நல்ல திட்டம்தான். ஏக்கருக்கு நானூறு, ஐந்நூறு பவுண்டு தந்த நிலம் ஆயிரத்துக்கும் மேல் தரலாயிற்று. எனினும், அதன் அடிப்படை விதி ஒன்றை நாம் கருத வேண்டும்: நிலம் எவருடையதோ, மானியம் அவருடையது. தீர்வை பிறந்ததோ, பால் வெட்டியவரின் உழைப்பில் விளைந்த ரப்பரின் மீது.

விறகு வன்மரமானது

சாய்த்த மரம் என்னவாயிற்று? தொடக்க ஆண்டுகளில் அதற்கு மதிப்பே இல்லை. ஆர்சனிக் நஞ்சைப் பூசி, நின்ற நிலையிலேயே மரத்தைப் பட்டுப்போகச் செய்தனர். அல்லது குவித்து எரித்தனர். கொஞ்சம் விறகாகப் புகைவீட்டுக்கும் செங்கற்சூளைக்கும் போயிற்று. 1967இல் பிறையில் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா எஃகு ஆலை, நிலக்கரிக்கு மாற்றாகப் பால்மரக் கரியைக் கொண்டே இரும்பை உருக்கியது. பால் தந்த மரம் இரும்பும் தந்தது எனலாம்.

பலகையாக்கத் தடையாயிருந்தவை இரண்டு: ஈரம் மிகுந்த அம்மரத்தில் விரைந்து படரும் நீலப் பூஞ்சை, உள்ளிருந்து மாவாக்கும் வண்டு. அறுத்த உடனேயே போரான் கரைசலை அழுத்தத்துடன் செலுத்தி, சூளையில் உலர்த்தினால் இவ்விரண்டும் அணுகா என்று ஆய்வாளர் கண்டனர். இவ்வாய்வில் கெப்போங் வன ஆய்வுக் கழகத்தின் பங்கு பெரிது. வெண்மஞ்சள் நிறமும் சீரான இழையும் கொண்ட பால்மரப் பலகை தளவாடத் தொழிலுக்கு உகந்ததாயிற்று. தாவரவியல் முறைப்படி பால்மரம் வன்மரமே. ஊசியிலை மரங்களை மென்மரம் என்றும், பூக்கும் அகன்ற இலை மரங்களை வன்மரம் என்றும் பிரிப்பர். உறுதி இங்கு அளவுகோல் அன்று. மலேசிய வாணிப வழக்கில் அது இலகு வன்மரம். செங்கால், பாலாவ் ஆகியவை கன வன்மரங்கள்.

காலமும் துணை நின்றது. இயற்கைக் காட்டு மரத்தைத் தடியாக ஏற்றுமதி செய்வதைத் தீபகற்ப மலேசியா 1972இல் குறிப்பிட்ட இனங்களுக்கும், 1985இல் முழுமையாகவும் தடுத்தது. 1986 முதல் 1995 வரையிலான தொழில்துறைப் பெருந்திட்டம் மரத்தொழிலுக்கு முன்னுரிமை அளித்தது. 1973இல் நிறுவப்பெற்ற மலேசிய வெட்டுமரத் தொழில் வாரியம் வழிகாட்டியது. ஜொகூர் மாநிலத்தின் மூவார் தளவாட நகராயிற்று. காட்டை அழிக்காத மரம், எப்படியும் சாய்க்க வேண்டிய மரம் என்னும் நற்பெயரோடு பால்மரம் உலகச் சந்தைக்குச் சென்றது. உள்நாட்டு ஆலைகளுக்கே போதாதென்று 2017இல் அறுத்த பால்மரப் பலகையின் ஏற்றுமதியை அரசு தடைசெய்யும் அளவுக்கு அதன் மதிப்பு உயர்ந்தது.

கணக்கில் வராதவர்

மறுநடவு செய்த நிலத்தில் ஆறேழு ஆண்டுகள் பால் இல்லை. கன்றுக்கு மானியம் உண்டு; நிரையை இழந்த குடும்பத்துக்கு இல்லை. வெளிக்காட்டு வேலை சிலருக்குக் கிடைத்தது. மற்றவர் லயத்தைவிட்டு வேறு தோட்டம் தேடினர். 1950களில் வெள்ளையர் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டபோது இத்துன்பம் பன்மடங்காயிற்று. பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் தோட்டத் துண்டாடலை ஆராய்ந்த அறிக்கை அதற்குச் சான்று.

அவ்வேளையில் மாற்றுவழி ஒன்றைக் கண்டவர் நம் பேராக் மண்ணின் மைந்தர். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். மாதம் 10 வெள்ளி வீதம் தொழிலாளர் செலுத்திய பங்குப் பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அவற்றுள் முதலாவது. நிலம் எவருடையதோ மானியம் அவருடையது என்பது விதியானால், அவ்விதிக்குள் தொழிலாளி நுழைவதற்கு நிலத்தை வாங்குவதே வழி. இதனைச் செயலால் காட்டியது அச்சங்கம். ஆயினும், தோட்டத் தமிழரில் பெரும்பாலோர் நிலமற்றவராகவே இருந்தனர்.

இரண்டு ஆண்டுகளை மாணவர்கள் அருகருகே எழுதிப் பார்க்கலாம். மரத்தை மாற்றுவதற்குச் சட்டம் நிதி ஒதுக்கியது 1952இல். வேலை இழக்கும் தொழிலாளிக்குப் பணியாண்டு ஒன்றுக்கு 10, 15, 20 நாள் சம்பளம் எனச் சேவைக் காலத்திற்கேற்ப இழப்பீட்டை வரையறுத்த விதிமுறைகள் வந்தது 1980இல். தொழிற்சங்க உடன்படிக்கைகள் இடையில் ஓரளவு காத்தன என்பது உண்மை. எனினும், சட்டத்தின் கண்ணில் மரம் பட்டதற்கும் மனிதர் பட்டதற்கும் இடையே 28 ஆண்டுகள் கழிந்தன.

நிலைத்த பயன் எது?

சாய்த்த இடத்தில் மீண்டும் பால்மரம் நட்டிருந்தால் இச்சுழற்சி முற்றுப்பெறாது. ஆனால், பெருந்தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. ஈப்போவை ஒட்டிய சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. உச்ச காலத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் எக்டராக இருந்த நாட்டின் ரப்பர் நிலப்பரப்பு இன்று அதில் ஏறத்தாழப் பாதிதான். பாலும் பலகையும் ஒருங்கே தரும் புதிய ஒட்டினங்களை ரப்பர் ஆய்வாளர் உருவாக்கினர். 15 ஆண்டுகளில் 375,000 எக்டர் மரத்தோட்டம் என்னும் இலக்கோடு அரசு சலுகைக் கடனும் வழங்கியது. பால்மரம் அத்திட்டத்தின் முதன்மை இனங்களுள் ஒன்று. ஒரு காலத்தில் நஞ்சிட்டுக் கொன்ற மரத்தைப் பலகைக்காகவே நடுவதற்குக் கடன் கொடுக்கும் நிலை வந்தது.

மரத்தை எடுப்பதோடு மீண்டும் வளர்ப்பதும் இணைந்தால்தான் அது நிலைத்த பயன். இதற்கு நம் மாநிலத்திலேயே சான்றுண்டு. தைப்பிங் அருகே மாத்தாங் சதுப்புநிலக் காடு ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்புடையது. 30 ஆண்டுச் சுழற்சியில் மரமெடுத்து மீண்டும் வளர்க்கும் முறை அங்கு ஒரு நூற்றாண்டாக நடைபெறுகின்றது. கோலா செப்பாத்தாங் கரிச்சூளைகள் அதனால்தான் இன்னும் புகைகின்றன. அங்கே மரமும் நிலைத்தது. அதனைச் சார்ந்த தொழிலும் ஊரும் நிலைத்தன. பால்மரத் தோட்டங்களில் மரக்கணக்கு மட்டும் எழுதப்பட்டது. லயமும் கோயிலும் தோட்டப் பள்ளியும் எந்த மானியப் பத்தியிலும் இடம்பெறவில்லை.

இக்கணக்கை நிறைவு செய்வது ஆசிரியர், மாணவர் கையிலும் உள்ளது. இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகள் பல, தாம் பிறந்த தோட்டத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. அப்பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டினால், மாணவர் எண்ணிக்கை திடீரெனக் குறைந்த ஆண்டுகள் தென்படலாம். அவ்வாண்டு எந்த நிரை சாய்க்கப்பட்டது, அக்குடும்பங்கள் எங்கே சென்றன என்று தாத்தா பாட்டியரிடம் கேட்டு எழுதுங்கள். பிரட்டு, நிரை, மங்கு, காண்டா, ஒட்டுப்பால் என்னும் சொற்களை அவர்கள் சொல்லும் பொருளோடு குறித்துக்கொள்ளுங்கள். 'மரம் வெட்டினேன்' என்று ஒரு மூதாட்டி சொல்லும்போது, அவர் மரத்தைக் காத்ததையே சொல்கிறார் என்று அறிந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அவர்களிடம் கேட்பதை நாம் தள்ளிப்போடுதல் ஆகாது.