தற்குறியும் மின்னியல் கையொப்பமும்

'தற்குறி' என்பது இன்று எழுத்தறியாதவரைப் பழிக்கும் சொல். முன்னாளில் அஃது எழுதவறியாதவர் தம் கையால் இட்ட அடையாளத்தைக் குறித்தது. பழைய கல்வெட்டு ஆவணங்களில், இன்னாருடைய தற்குறிக்கு இன்னார் சான்றெழுதினார் என்ற குறிப்பைக் காண்கிறோம். குறியிட்டவரும் அவருக்காக எழுதியவரும் ஒருங்கே வெளிப்பட நின்றனர். இதனை நினைவிற்கொண்டு மலாக்காவுக்கு வருவோம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. பால்மரம் சீவத் தமிழர் வந்தனர். எழுதத் தெரியாதவருக்குப் பெருவிரலே கையெழுத்தாயிற்று. (1858ல் வங்காளத்தில் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஓர் ஒப்பந்தத்தில் கைப்பதிவு வாங்கியதை இம்முறைக்கு முன்னோடி என்பர்.) 1948ல், அவசரகாலத்தில், 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு அடையாள அட்டை வழங்கியபோது படித்தவரும் பெருவிரல் பதிக்க நேர்ந்தது. கிராணியும் மரம் வெட்டுவோரும் அந்த ஒன்றிலாவது சமமாயினர்!

மலேசிய நாடாளுமன்றம் இயற்றிய 1997ஆம் ஆண்டு மின்னியல் கையொப்பச் சட்டம் 1998 அக்டோபர் 1ல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 1995லேயே இத்தகைய சட்டம் கண்டிருந்தது. நம் சட்டத்தின் 62ஆம் பிரிவு நோக்கத்தக்கது: முறைப்படி இட்ட மின்னியல் கையொப்பம் கையெழுத்துக்கும் பெருவிரல் பதிவுக்கும் வேறெந்தக் குறிக்கும் நிகராகும் என்கிறது. தற்குறிக்கும் அங்கே இடமுண்டு.

இக்கையொப்பத்திற்கு இரண்டு திறவுகோல்கள். ஒன்று பொதுவானது, மற்றொன்று உரியவரிடம் மட்டுமே இருக்கவேண்டிய மறைவான எண்தொகுதி. அதனைப் பிறர் கைக்குப் போகாமல் காப்பது அவர் கடமை என்று அதே சட்டம் விதிக்கிறது. இங்கேதான் இடர்ப்பாடு. பார்வையற்றவர் திரையிலுள்ள எழுத்தைப் படித்துச்சொல்லும் மென்பொருள் கொண்டே கணினியை இயக்குகிறார். அரசுப் படிவம் வெறும் படமாக ஏற்றப்பட்டிருந்தாலோ, பொத்தானுக்குப் பெயரிடப்படாவிட்டாலோ, அம்மென்பொருள் வாயடைத்துப்போகும். மலாயும் ஆங்கிலமும் படிக்கவியலாத தோட்டத்து முதியவர் நிலையும் இதற்கு அண்மையதே. இருவரும் கடவுச்சொல்லைப் பேரனிடம் கொடுக்கின்றனர்; அவன் தட்டுகிறான். பதிவில் நிற்பது தாத்தாவின் கையொப்பம். பேரனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கல்வெட்டு எழுதியவர் இதனைச் சான்றாக ஏற்றிருப்பாரோ?

இணையதளங்களை ஊனமுற்றோரும் பயன்படுத்துவதற்கான முதல் உலக நெறிமுறை 1999ல், கையொப்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், வெளிவந்தது. மாற்றுத்திறனாளிகள் சட்டமோ மலேசியாவில் 2008ல்தான் பிறந்தது. அதன் 30ஆம் பிரிவு தகவலும் தொழில்நுட்பமும் அவர்களுக்குச் சமமாகக் கிட்டும் உரிமையைச் சொல்கிறது. ஆயினும் நல்லெண்ணத்தில் நேர்ந்த தவறுக்காக அரசின்மேல் வழக்குத் தொடுக்கலாகாது என்று, இயற்றப்பட்ட வடிவில், அதன் 41ஆம் பிரிவு தடுத்தது.