பிரட்டுக் களமும் பயிற்சிக் களமும்

போர்ட்டிக்சன் கடல், சிலியாவ், சுவா பெத்தோங் தோட்டங்களுக்குத் தொலைவிலுள்ளதன்று. கப்பலேறி வந்தோரின் பிள்ளைகளே அத்தோட்டத்து மக்கள். ஆயினும் சீருடை அணிந்து அக்கடல்மேல் செல்லும் வாய்ப்பு அவர்தம் இளைஞர்க்கு வாய்க்கவில்லை. 1933 மார்ச்சு முதல் நாள் போர்ட்டிக்சனில் 25 பேருடன் தொடங்கிய படைப்பிரிவு மலாய் இளைஞர்க்கே உரியது. 1934இல் எழுந்த கடற்படைத் தொண்டர் அணியோ சிங்கப்பூரில் இருந்தது.

ஒழுங்கு தோட்டத்து இளைஞனுக்குப் புதிதன்று. விடியுமுன்னரே பிரட்டுக் களத்தில் நின்று, கிராணியார் பெயர் கூப்பிடக் கேட்டு வளர்ந்தவன் அவன். ஆனால் அது ஆள் எண்ணுவதற்காக நின்ற வரிசை. முன்னின்று ஆணையிடும் பொறுப்பை அவனிடம் எவரும் ஒப்படைத்ததில்லை. பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் பள்ளி வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அப்பள்ளியும் எழுத்தும் எண்ணும் தந்து, பால்வாளியோடு அவனை மரத்தடிக்கு அனுப்பிவிட்டது.

1943 சூலையில் சுபாசு சந்திரபோசு சிங்கப்பூர் வந்தார். இந்திய தேசிய இராணுவத்தின் பயிற்சி முகாம்களுள் ஒன்று சிரம்பானில் அமைந்தது. பால்வெட்டுக் கத்தி பிடித்த கை துப்பாக்கி பிடித்தது. ஆணைகள் இந்துத்தானியில் பிறந்தன. தமிழ் இளைஞர் அவற்றைச் செவிவழியே கற்று அடியெடுத்து வைத்தனர். தோட்டத்துப் பெண்களும் சான்சிராணிப் படையில் சேர்ந்தனர். எல்லாரும் விடுதலை வேட்கையால் மட்டுமே சென்றனர் என்பது மிகை. பசி துரத்தியது, சயாம் மரண இரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்படும் அச்சமும் துரத்தியது. எனினும், கூலி என்றே அழைக்கப்பட்டவர்கள் அங்கே வீரர் என்று விளிக்கப்பெற்றனர். இதனைச் சிறிது என்று தள்ளுதல் இயலாது. 1945 ஆகத்தில் சப்பான் பணிந்த செய்தி எட்டியபோது, போசு சிரம்பானில்தான் இருந்தார்.

1948இல் மலாயாக் கடற்படை மீண்டும் எழுந்தது. 1955இல் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்த கே. தனபாலசிங்கம், இங்கிலாந்தின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயின்று, 1967 டிசம்பரில், 31ஆம் அகவையில், கடற்படைத் தலைவரானார். மலேசியருள் அப்பதவியேற்ற முதல்வர் ஒரு தமிழர்! அவர் பயின்றது கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடம். அணிவகுப்பும் தலைமைப் பயிற்சியும் அத்தகைய நகரத்து ஆங்கிலப் பள்ளிகளில் பாடத்தோடு சேர்ந்தே கிடைத்தன. சிரம்பான் முகாமில் அடியெடுத்து வைத்தவர்களுடைய பிள்ளைகளுள் பலருக்கோ, படிப்பு தோட்டப் பள்ளியோடு நின்றது. மறுநாள் விடியலில் அவர்களும் பிரட்டுக் களத்தில் நின்றனர்.