பாஸ்கா: கடந்து போதலின் பெயர்

1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில விவிலியத்தில் 'ஈஸ்டர்' என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. திருத்தூதர் பணிகள் 12:4. பேதுருவைச் சிறையில் அடைத்த ஏரோது, பண்டிகை முடிந்ததும் அவரை மக்கள்முன் நிறுத்த நினைக்கும் இடம் அது. மூலக் கிரேக்கத்தில் அங்கே இருப்பது 'பாஸ்கா'. தமிழ் விவிலியங்கள் அந்தச் சொல்லைக் கைவிடவில்லை. சீர்திருத்தச் சபையார் 'பஸ்கா' என்றும் கத்தோலிக்கர் 'பாஸ்கா' என்றும் வாசிக்கிறார்கள். உயிர்ப்பு விழாவின் பொருள் தேடுவோர் இந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

'ஈஸ்டர்' ஆங்கிலத்தின் பெயர். ஜெர்மனில் அதன் உறவு 'ஓஸ்டர்ன்'. தம் முன்னோர் ஏப்ரல் மாதத்தை எயோஸ்ட்ரே என்னும் தேவதையின் பெயரால் அழைத்தார்கள் என்றும், அம்மாதப் பெயரே விழாவுக்கும் வந்தது என்றும் 725-இல் பீட் என்ற துறவி எழுதிவைத்தார். ஈஸ்டர் முட்டை வந்த வழி இன்னும் எளிது. முற்காலத் தவக்காலத்தில் முட்டைக்கும் விலக்கு இருந்தது. கோழிகள் இட்டதெல்லாம் சேர்ந்துபோய் விழாவன்று பந்திக்கு வந்தது. இதில் குற்றமொன்றும் இல்லை. விழாவின் உயிர் மட்டும் வேறிடத்தில் இருக்கிறது.

எபிரேயத்தில் பாஸ்கா 'பெசாக்'. விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரம் அந்த இரவைக் காட்டுகிறது. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரயேலர் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை நிலைக்கால்களிலும் மேற்சட்டத்திலும் பூசுகிறார்கள். இடுப்பில் கச்சை, காலில் மிதியடி, கையில் கோல். சாப்பிடும்போதே புறப்பட ஆயத்தம். மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. சாவு அந்த வீடுகளைக் கடந்து போகிறது. அவர்கள் அடிமைத்தனத்தைக் கடந்து போகிறார்கள். அரமேயத்தில் 'பாஸ்கா' ஆன அச்சொல் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் அப்படியே நின்றது. போர்த்துக்கீசியரோடு இலங்கைக்கு வந்து சிங்களத்தில் 'பாஸ்கு' ஆனது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் 'பெசஹா' என்பார்கள். பெரிய வியாழன் இரவில் புளிக்காத மாவில் அப்பம் செய்து, மேலே குருத்தோலைச் சிலுவை வைத்து, வீட்டுப் பெரியவர் பகிர்ந்து கொடுக்கிறார்.

இயேசு இறந்தது இந்தப் பாஸ்கா நாள்களில்தான். 2ஆம் நூற்றாண்டில் சார்தை ஆயர் மெலித்தோ, 'பாடுபடுதல்' என்று பொருள்படும் 'பஸ்கெய்ன்' என்ற கிரேக்க வினையோடு பாஸ்காவை இணைத்துப் பேசினார். ஒலி ஒத்துப்போனது, அவ்வளவுதான். சொல் எபிரேயம், பொருள் கடந்து செல்லுதல் என்று பிற்காலத்தில் அகுஸ்தீன் தெளிவுபடுத்தினார். இதை வெறும் இலக்கணத் திருத்தமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பாடுகள் வழி, போய்ச் சேருமிடம் வாழ்வு.

உயிர்ப்பு என்றால் செத்தவர் திரும்பி வந்தது என்றே பலர் நினைக்கிறார்கள். திரும்பி வருதல் வேறு, உயிர்ப்பு வேறு. யோவான் நற்செய்தி இந்த வேறுபாட்டைத் துணியை வைத்தே காட்டுகிறது. 11ஆம் அதிகாரத்தில் இலாசர் கைகால் கட்டுகளோடு, முகத்தில் சுற்றிய துணியோடு வெளியே வருகிறார். கட்டை மற்றவர்கள் அவிழ்க்க வேண்டியிருக்கிறது. அவர் திரும்பி வந்தவர், மறுபடியும் இறக்க வேண்டியவர். 20ஆம் அதிகாரத்தில் துணிகள் கல்லறையிலேயே கிடக்கின்றன. தலையைச் சுற்றியிருந்த துண்டு தனியே சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இயேசு திரும்பி வரவில்லை, கடந்து போய்விட்டார். சாவுக்கு இனி அவர்மேல் ஆட்சியில்லை என்று பவுல் உரோமையருக்கு எழுதியது இதைத்தான்.

நாம் 'உயிர்த்தெழுதல்' என்கிறோம். கிரேக்க 'அனஸ்தாசிஸ்' எழுந்து நிற்பதைச் சொல்லும். தமிழ்ச் சொல்லில் மூச்சும் சேர்ந்திருக்கிறது. உயிர்த்தல் பழந்தமிழில் மூச்சுவிடுதல். பெருமூச்சுக்கு நெட்டுயிர்ப்பு என்று பெயர். குறள் 1101-இல் 'உயிர்த்து' என்றால் மோந்து. கதவைப் பூட்டிக்கொண்டு அஞ்சிக் கிடந்த சீடர்கள்மேல் உயிர்த்த இயேசு ஊதினார். தூய ஆவியைத் தந்து, பாவங்களை மன்னிக்கும் பொறுப்பையும் அவர்களிடமே ஒப்படைத்தார்.

கத்தோலிக்கர் பாஸ்கா இரவுத் திருவிழிப்பில் இருட்டில் நெருப்பு மூட்டி, அந்த ஆண்டின் எண்கள் பொறித்த பெரிய மெழுகுதிரியை ஏற்றுகிறார்கள். பழைய ஏற்பாட்டு வாசகங்களைக் குறைத்தாலும் செங்கடல் கடந்த வாசகத்தை மட்டும் விடக்கூடாது என்பது விதி. அதன்பின் திருமுழுக்குத் தண்ணீர். இந்த ஆண்டு அந்தத் திரியிலிருந்து உங்கள் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன்பே, பேச்சு அற்றுப்போன உறவினர் ஒருவரின் வீட்டுப் படியேறிப் போய் வாருங்கள்.