நாக்கு செத்துப் போச்சா, மூக்கு செத்துப் போச்சா?

காய்ச்சல் விட்டு எழுந்த ஆளிடம் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டால் எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் மூன்று விதமாகப் பதில் வரும். "நாக்கே செத்துப் போச்சு." "வாயெல்லாம் கசக்குது." "எச்சிலே ஊறல, சோறு இறங்க மாட்டேங்குது." கேட்பவர் மூன்றையும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்வார். மருந்தும் ஒன்றாகத்தான் வரும்: மிளகு ரசம், இஞ்சிச் சாறு, எலுமிச்சை ஊறுகாய். சித்த மருத்துவத்தில் இதற்கு அரோசகம் என்று பெயர். சாப்பாட்டில் ருசியும் விருப்பமும் சேர்ந்து போய்விடும் நிலை.

2020-ல் இந்தப் பழைய புகார் அரசாங்க ஆவணத்தில் ஏறியது. அந்த ஆண்டு ஜூன் 13 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் தன் கொரோனா சிகிச்சை வழிகாட்டியில் வாசனை இழப்பு, சுவை இழப்பு இரண்டையும் அறிகுறிகளாகச் சேர்த்தது. கோயில் ஊர் அல்லவா, இங்கே கற்பூரத்தை மூக்கருகே பிடித்து வீட்டிலேயே சோதித்துக்கொண்டவர்கள் உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 29 கார்த்திகை தீபத்துக்குக் கிரிவலம் போகத் தடை. 14 கிலோமீட்டர் பாதை வெறிச்சோடிக் கிடந்தது.

நான் மென்பொருள் ஆள். ஒரு பிழை வந்தால் திருத்துவதற்கு முன் அது எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் பழக்கம். "ருசி போச்சு" என்ற ஒரே பிழைச்செய்திக்குப் பின்னால் குறைந்தது மூன்று பகுதிகள் இருக்கின்றன: நாக்கு, எச்சில், மூக்கு. இவற்றை மனிதர்கள் தனித்தனியாகப் பிரித்து அறிந்த கதையில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம்ம ஊட்டியில் நடந்தது.

ஊட்டியில் ஓர் இலை

டேவிட் ஹூப்பர் 1884-ல் மதராஸ் அரசாங்கத்தின் குயினைன் வேதியியலாளராக உதகமண்டலத்துக்கு வந்தார். நீலகிரியில் வளர்த்த சின்கோனா மரப்பட்டையில் எவ்வளவு குயினைன் இருக்கிறது என்று சோதிப்பது அவர் வேலை. மலேரியாவுக்கு அன்று இருந்த ஒரே நல்ல மருந்து குயினைன்தான். கசப்பில் அதற்கு ஈடே கிடையாது.

அவர் கையில் எடுத்த இன்னொரு செடி சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வோம். இன்றும் நாட்டு மருந்துக் கடையில் நீரிழிவுக்காரர்கள் பொடியாக வாங்கிப் போகிறார்களே, அதேதான். ஹூப்பருக்கு 40 ஆண்டுகள் முன்பே எட்ஜ்வொர்த் என்ற கம்பெனி அதிகாரி இந்த இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணல் மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருந்தார். ஹூப்பர் அதை முறையாகச் சோதித்து, அதன் காரணப் பொருளைப் பிரித்தெடுத்து, ஜிம்னெமிக் அமிலம் என்று பெயர் வைத்தார். 1887-ல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது.

அவர் பார்த்தது சுவாரசியமானது. இலையை மென்ற பிறகு இனிப்பு ஆரஞ்சு எலுமிச்சை போலப் புளித்தது. அதாவது இனிப்பு மட்டும் போய்ப் புளிப்பு தங்கிவிட்டது. குயினைன் பொடி சுண்ணாம்புப் பொடி போல ஆனது. உப்பு தெரிந்தது. இஞ்சி போட்ட இனிப்பு ரொட்டியைத் தின்றால் இனிப்பு இல்லை, ஆனால் இஞ்சியின் காரம் மட்டும் அப்படியே இருந்தது.

"சுவை" என்று நாம் சொல்வது ஒரே கம்பியில் வருவதல்ல என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் வேண்டுமா? ஒரு கம்பியை இலை துண்டிக்கிறது, மற்றவை வேலை செய்கின்றன. சிறிது நேரத்தில் அந்தக் கம்பியும் தானாகச் சரியாகிவிடுகிறது. இனிப்பை உணரும் ஏற்பியில் ஜிம்னெமிக் அமிலம் போய் ஒட்டிக்கொள்வதால் இது நடக்கிறது என்று இன்று தெரியும்.

அந்த இஞ்சியைக் கவனியுங்கள். நம் அறுசுவையில் கார்ப்புக்கு இடம் உண்டு. ஆனால் உடலியலின் கணக்கில் காரம் சுவை நரம்பில் போவதில்லை, முகத்தின் தொடு உணர்வையும் வலியையும் சுமக்கும் நரம்பில் போகிறது. மிளகாயின் எரிச்சலை உணரும் ஏற்பியை டேவிட் ஜூலியஸ் குழு 1997-ல் கண்டுபிடித்தது. அவருக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. கொரோனா வந்து எதுவும் தெரியாமல் போனவர்கள் ஊறுகாயும் மிளகு ரசமும் கேட்டதற்குக் காரணம் இதுதான். வேலை செய்கிற கம்பி அது ஒன்றுதான். கற்பூரத்தை முகர்ந்து "ஜில்லுனு இருக்கு, ஆனா வாசம் தெரியல" என்றவர்கள் சொன்னதும் இதே சங்கதி. குளிர்ச்சி அந்த நரம்பில் வருகிறது, வாசம் மூக்கின் நரம்பில் வர வேண்டும்.

எச்சில் ஊறுவது

சர்க்கரையானாலும் உப்பானாலும் கரைந்தால்தான் நாக்குக்குத் தெரியும். கரைப்பது எச்சில். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல், ஒன்றரை லிட்டர் வரைகூட நமக்குச் சுரக்கிறது. கன்னத்துச் சுரப்பியிலிருந்து வாய்க்கு வரும் குழாயை 1660-ல் நிக்கோலஸ் ஸ்டெனோ ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையில் கண்டார்.

கொரோனா வைரஸ் இந்தச் சுரப்பிகளையே தாக்கக்கூடும் என்று 2021 மார்ச்சில் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வு காட்டியது. எனவே "எச்சில் ஊறல" என்பது வெறும் காய்ச்சல் களைப்போ தண்ணீர்த் தாகமோ மட்டும் அல்ல. கிரிவலம் நடந்தவரின் வாய் வறட்சிக்குத் தண்ணீர் போதும். சுரப்பி சோர்ந்துபோனால் தண்ணீர் நனைக்கும், அவ்வளவுதான். எச்சிலின் வழுவழுப்பும் பல்லைக் காக்கும் குணமும் தண்ணீரில் கிடையாது.

இந்த இடத்தில் நம் பழைய மருந்துப் பெட்டிக்கு மரியாதை உண்டு. தமிழக அரசு 2020 ஏப்ரல் 23 அன்று ஆரோக்கியம் திட்டத்தைத் தொடங்கிக் கபசுரக் குடிநீர் கொடுத்தது நினைவிருக்கும். அதில் 15 சரக்குகள். அவற்றில் ஒன்று அக்கரகாரம். பிராமணர் தெருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, 'ஆகிர் கர்ஹா' என்ற அரபுப் பெயரின் தமிழ் வடிவம் இது. செடி வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. ஒரு துண்டு வேரை மென்றால் நாக்கு விறுவிறுவென்று மரத்து, எச்சில் ஊற்றாகக் கிளம்பும். அரபு மருத்துவர்களும் ஐரோப்பியர்களும் பல்வலிக்கும் வாய் வறட்சிக்கும் பயன்படுத்திய வேர் இது. ஆனால் அதன் வேலை மெல்லும்போது நடப்பது. 15 சரக்கில் ஒன்றாகக் கொதிக்கவைத்து ஒரே மடக்கில் விழுங்கும் கஷாயத்திடம் அதை எதிர்பார்க்க முடியாது. கபசுரக் குடிநீரின் நோக்கமும் எச்சில் இல்லை, கபமும் காய்ச்சலும்தான்.

கிரிவலப் பாதையில் உப்பு மிளகாய்த்தூள் தூவிக் கிடைக்கும் நெல்லிக்காயும் இந்த வகைதான். புளிப்பு எச்சிலை இழுக்கும். தின்றபின் குடிக்கும் தண்ணீர் இனிக்கும். பாலைநிலத்தில் நடப்பவர்கள் நெல்லிக்காய் தின்பதைச் சங்கப் பாடல்களே சொல்கின்றன. ஆக, இஞ்சி, எலுமிச்சை, நெல்லி எல்லாம் எச்சிலுக்கும் சாப்பிடும் ஆசைக்கும் உதவும். வாய் புண்ணாக இருந்தால் மட்டும் புளிப்பும் காரமும் கூடாது.

மேற்கில் இதே தேடல் பிரேசிலுக்குப் போனது. அங்கே எச்சிலைப் பெருக்கும் ஜபோரண்டி இலையிலிருந்து 1875-ல் பைலோகார்பைன் பிரிக்கப்பட்டது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்று வாய் உலர்ந்தவர்களுக்காக 1994-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆஸ்துமா, சில வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு ஆபத்தானது. மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் தொடக்கூடாது.

மூக்குதான் பெரிய குற்றவாளி

"ருசி போச்சு" என்பவர்களில் பலருக்கு உண்மையில் போனது வாசனை. சாப்பாட்டை மெல்லும்போது வாசம் தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. சாம்பாரையும் ரசத்தையும் பிரித்துச் சொல்வது பெரும்பாலும் அந்த வாசம்தான். கொரோனா வைரஸ் நேரடியாக வாசனை நரம்பைவிட அதைத் தாங்கிப் பராமரிக்கும் துணைச் செல்களைத் தாக்குகிறது என்று ஹார்வர்டின் சந்தீப் ராபர்ட் தத்தா குழு 2020-ல் காட்டியது. அந்தச் செல்கள் மறுபடி வளர்பவை. பெரும்பாலோருக்கு வாசனை திரும்பி வருவதும் அதனால்தான்.

எவ்வளவு பேருக்கு? 3,699 நோயாளிகளை உள்ளடக்கிய 18 ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் பிஎம்ஜே இதழில் ஒரு கணக்கு வந்தது. 30 நாளில் சுமார் 74%, 90 நாளில் 90%, 180 நாளில் 96% பேருக்கு வாசனை மீண்டது. சுமார் 5% பேருக்கு நீண்டகாலம் குறை தங்கக்கூடும்.

இந்த எண்ணிக்கையில் ஒரு பொறி இருக்கிறது. மாதத்தில் நாலில் மூன்று பேருக்குத் தானாகச் சரியாகும் நோயில், எதைக் கொடுத்தாலும் "கேட்குது" என்றுதான் தோன்றும். கஷாயம் குடித்தவர் கஷாயத்தைப் புகழ்வார், மாத்திரை போட்டவர் மாத்திரையைப் புகழ்வார். எதுவும் செய்யாதவரை யாரும் கேட்பதில்லை.

துத்தநாக மாத்திரையின் கதை இதற்குச் சரியான உதாரணம். கொரோனா காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தது. 1970-களில் அமெரிக்காவின் ராபர்ட் ஹென்கின் சுவை இழப்புக்குத் துத்தநாகத்தைப் பெரிதும் நம்பியவர். பிறகு அவரே 106 பேரை வைத்து, எது மருந்து எது போலி என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் சோதித்து 1976-ல் முடிவை வெளியிட்டார். போலி மாத்திரையைவிடத் துத்தநாகம் மேலாக எதுவும் செய்யவில்லை. உடலில் துத்தநாகக் குறைபாடு இருப்பவர் கதை வேறு. தான் நம்பியதைத் தானே சோதித்து, பலிக்கவில்லை என்று அச்சில் போட்ட ஹென்கினை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2009-ல் மூக்கில் தடவும் சில துத்தநாக மருந்துகளால் வாசனையே போய்விடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓரளவு ஆதாரத்தோடு நிற்பது செலவில்லாத ஒன்று. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் 2009-ல் வெளியிட்ட வாசனைப் பயிற்சி. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என நான்கு வாசனைகள். காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் பத்து விநாடி, 12 வாரம். 40 பேர் பயிற்சி செய்தார்கள், 16 பேர் செய்யவில்லை. செய்தவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் கெடுதல் இல்லாதது. நான்குமே நமக்குக் கைக்கெட்டியவை: கோயில் வாசல் பூக்கடையில் பன்னீர் ரோஜா, அஞ்சறைப்பெட்டியில் கிராம்பு, எலுமிச்சைத் தோல், ஹூப்பர் இருந்த அதே ஊட்டியிலிருந்து வரும் நீலகிரித் தைலம். தைலத்தை மூக்கில் தடவ வேண்டாம், மூடியைத் திறந்து முகர்ந்தால் போதும். இடையில் காபியும் வெங்காயம் வதக்குவதும் சாக்கடை மாதிரி நாறலாம். அது பயப்பட வேண்டிய அறிகுறி இல்லை. நரம்பு மறுபடி வளரும்போது இப்படி நடப்பதுண்டு.

சரி, வீட்டில் யாராவது "ருசி போச்சு" என்றால் முதலில் பகுதி பிரியுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் சர்க்கரை, வாயைக் கொப்பளித்துவிட்டுக் கொஞ்சம் உப்பு. தெரிந்தால் நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு கண்ணை மூடிக் காபித்தூள். தெரியாவிட்டால் மூக்கு. தண்ணீர் இல்லாமல் ஒரு பிஸ்கட்டை விழுங்க முடியவில்லையா, எச்சில். எச்சில் வறட்சிக்கு நீரிழிவும், இரத்த அழுத்தம், அலர்ஜி, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் காரணமாகலாம். எல்லாவற்றையும் வைரஸ் தலையில் கட்டிவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள். ஓரிரு மாதத்தில் வாசனை திரும்பாவிட்டாலும், வயதானவர் சாப்பாட்டைக் குறைத்து மெலிந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் நாற்றமுள்ள பொருளைக் கலக்கிறார்கள். வாசனை போன ஒருவர் தனியாகச் சமைக்கும் வீட்டில் அந்தக் காவல் இல்லை. வாசனை திரும்பும்வரை பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லி வையுங்கள்.