இரண்டு அப்பாக்களின் பிள்ளை சூப்பர்மேன்

சூப்பர்மேன் என்றவுடன் நினைவுக்கு வருவது என்ன? நீல உடை, தோளில் பறக்கும் சிவப்புத் துணி, வானத்தில் பாயும் ஒரு மனிதன். ஆனால் 1978 டிசம்பரில் வெளிவந்த 'சூப்பர்மேன்' படத்தில் ஏறக்குறைய முக்கால் மணி நேரத்துக்கு அந்த உடையே வராது! அதுவரை ஓடுவது ஒரு குடும்பக் கதைதான்.

அந்தக் குடும்பம் முதலிலிருந்தே கதையில் இருந்ததா என்றால், இல்லை. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் ஒன்றாகப் படித்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் சேர்ந்து உருவாக்கிய பாத்திரம் சூப்பர்மேன். சீகல் எழுதினார், ஷஸ்டர் வரைந்தார். இருவரும் பிழைப்பு தேடி வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். 1938-ல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வந்த கதையில், வேற்றுக் கிரகத்திலிருந்து வந்து விழும் குழந்தையை வழியே போகும் ஒருவர் எடுத்து அனாதை இல்லத்தில் சேர்த்துவிடுவார். அவ்வளவுதான்! வளர்ப்புப் பெற்றோரான கென்ட் தம்பதி அடுத்த ஆண்டு, 1939-ல்தான் கதைக்குள் வந்தார்கள்.

நாற்பது வருடம் கழித்து இயக்குநர் ரிச்சர்ட் டானர் அந்தக் குடும்பத்தையே படத்தின் அஸ்திவாரமாக்கினார். கிரிப்டான் கிரகம் அழியும் நேரத்தில் மகனை மட்டும் காப்பாற்றி அனுப்பும் அப்பா ஜோர்-எல் வேடத்தில் மார்லன் பிராண்டோ. அவனை எடுத்து வளர்க்கும் கன்சாஸ் விவசாயி ஜொனாதன் கென்ட் வேடத்தில் கிளென் ஃபோர்ட். பெற்றவர் அறிவைக் கொடுக்கிறார், வளர்த்தவர் அடக்கத்தைக் கற்றுக் கொடுக்கிறார்.

கென்ட் வரும் நேரம் கொஞ்சம்தான். ஆனால் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. தன் பலத்தை ஊருக்குக் காட்ட முடியாமல் புழுங்கும் பையனிடம், நீ இங்கே வந்ததற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கிறது என்று சொல்கிறார். சொன்ன சிறிது நேரத்திலேயே மாரடைப்பில் விழுந்து இறந்துபோகிறார். ரயிலை முந்தி ஓடத் தெரிந்த பையனுக்கு அப்பாவைக் காப்பாற்றத் தெரியவில்லை! கல்லறை அருகே அவன் அம்மாவிடம் புலம்புவதும் இதைத்தான்.

இறுதிக் காட்சியில் லோயிஸ் இறக்கும்போது இரண்டு அப்பாக்களின் குரலும் அவனுக்குக் கேட்கிறது. மனித வரலாற்றில் தலையிடாதே என்கிறது ஒன்று. நீ வந்ததற்கு ஒரு காரணம் உண்டு என்கிறது மற்றொன்று. அவன் விவசாயியின் பேச்சைத்தான் கேட்கிறான்.

இந்தக் கதைக்குப் பின்னால் ஒரு நிஜக் கதையும் உண்டு. சீகலின் அப்பா துணிக்கடை வைத்திருந்தார். 1932-ல் அந்தக் கடையில் திருட்டு நடந்தபோது இதயம் நின்று இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் மகனின் கற்பனையில் சூப்பர்மேன் பிறந்தான்.

ஆனால் பெற்றெடுத்த அந்தப் பிள்ளை அவர்களிடம் தங்கவில்லை. 1938-ல் சூப்பர்மேனின் முழு உரிமையையும் இருவரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 1947-ல் வழக்குப் போட்டார்கள், உரிமை திரும்பக் கிடைக்கவில்லை. அவர்கள் பெயரும் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 1970-களில் சீகல் ஒரு சாதாரண குமாஸ்தா. ஷஸ்டருக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டிருந்தது. அதே சமயம் இந்தப் படத்தில் சில காட்சிகளில் மட்டும் தோன்றும் பிராண்டோவுக்குப் பேசப்பட்ட சம்பளம் 37 லட்சம் டாலர்!

படம் வரப்போகிறது என்று தெரிந்ததும் 1975-ல் சீகல் தன் நிலையைப் பத்திரிகைகளுக்கு எழுதினார். ஓவியர்கள் பலர் துணைக்கு வந்தார்கள். கடைசியில் வார்னர் நிறுவனம் இறங்கி வந்து ஆளுக்கு வருடம் 20,000 டாலர் உதவித்தொகை தர ஒப்புக்கொண்டது. படைத்தவர்கள் என்று அவர்கள் பெயரைப் போடவும் சம்மதித்தது.

அன்று கொடுத்த அந்த 130 டாலரும் அடங்கிய காசோலை 2012-ல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 1,60,000 டாலர். அதைப் பார்க்க இருவருமே உயிரோடு இல்லை. ஷஸ்டர் 1992-லும் சீகல் 1996-லும் காலமாகிவிட்டார்கள்.

இனி இந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் ஆரம்பத்தில் ஓடும் பெயர்களைத் தாண்டிப் போய்விட வேண்டாம். அதில் ஒரு வரியில் சீகல், ஷஸ்டர் என்ற இரண்டு பெயர்கள் சேர்ந்து வரும். அந்த ஒரு வரிக்காக அவர்கள் காத்திருந்தது முப்பது வருடம்.